நிலப்படம் வரைவோர் தொழிலும் நமது ஏரிப் பாசனமும்

ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடை நிலத்தின்மேல் இருந்தால் மட்டும் இக்காலத்தில் போதாது. அது படத்திலும் இருத்தல் வேண்டும். ஒரு கல் சுரங்கமோ, நெடுஞ்சாலையோ, தொழிற்சாலையோ ஒரு கிராமத்தில் ஏற்பட உத்தேசிக்கப்படும்பொழுது, அதற்கு அநுமதி அளிக்கும் அதிகாரிகள் அவ்விடத்தை முதன்முதலில் காண்பது பெரும்பாலும் காகிதத்திலேயாம். அக்காகிதத்தில் ஓடை வரையப்படாவிடின், அதன் கீழுள்ள ஏரியைப் பற்றியோ, அவ்வேரியின் ஆயக்கட்டைப் பற்றியோ வினா எழுவதற்கே இடமில்லாமற் போகும். ஆகவே, அப்படத்தை வரைபவர் யாவர், எவ்வாறு வரைகின்றனர், எவ்விடத்தில் பிழை நேரக்கூடும் என்பனவற்றை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளுதல் மிகவும் அவசியம். மேல்மலையனூர், செஞ்சிப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயம் இங்கே விவரிக்கப்படுகின்றது.

இத்தொழில் யாது?

மத்திய சர்க்கார் 1986-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றினர். அச்சட்டத்தின்கீழ் 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி வெளியான அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட வகைகளைச் சேர்ந்த திட்டங்கள் தொடங்கப்படுமுன் அவற்றால் நிலத்திற்கும் நீருக்கும் காற்றிற்கும் ஜனங்களுக்கும் விளையக்கூடிய மாறுதல்களை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்க வேண்டும். இவ்வறிக்கைகளைத் தயாரிப்பவை சுற்றுச்சூழல் ஆலோசனை நிலையங்கள். இந்நிலையங்களில் மண்ணை ஆராய்பவர் ஒருவர், நீரை ஆராய்பவர் ஒருவர், மரஞ்செடிகளை ஆராய்பவர் ஒருவர் எனப் பலர் வேலை செய்கின்றனர். அவர்கள் யாவரும் சேகரித்த விவரங்களை இடத்தோடு இணைத்து ஒரே படத்தில் அமைத்துக் கொடுப்பவரே புவியியல் தகவல் நிபுணர் எனப்படுவார்.

இவ்வறிக்கைகளில் திட்டம் அமையும் இடத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வரையிலுள்ள பிரதேசம் ஆராயப்படுவது வழக்கம். அதன் பரப்பு ஏறக்குறைய 314 சதுர கிலோமீட்டர். அதாவது சுமார் 77,600 ஏக்கர். இதில் பல கிராமங்களும் ஏரிகளும் கிணறுகளும் அடங்கும். இவ்வளவு நிலத்தையும் ஒருவர் கால்நடையாய் நடந்து அளத்தல் இயலாது. ஆகையினாலேயே செயற்கைக் கோள்கள் எடுக்கும் படங்களும், சர்வே இலாகாவின் படங்களும், கிராமப் பதிவேடுகளும் அவருக்கு ஆதாரமாகின்றன. இவ்வாதாரங்களின் தரம் எப்படியோ, அவருடைய படத்தின் தரமும் அப்படியே.

சங்கிலியிலிருந்து செயற்கைக் கோள் வரையில்

நில அளவை நமது நாட்டிற்குப் புதிதன்று. சென்னையில் 1794-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சர்வே பள்ளிக்கூடமே பிற்காலத்தில் வளர்ந்து கிண்டி பொறியியற் கல்லூரியாயிற்று. வில்லியம் லாம்டன் என்பவர் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் தேதி பரங்கிமலைக்கருகில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததே இந்தியா முழுவதையும் அளந்த மகா முக்கோண சர்வே. மலையில்லாத சமவெளிகளில் கோயிற் கோபுரங்களின் உச்சியே கருவி வைக்கும் இடமாயிற்று. 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி சேதமடைந்தது; ஏறக்குறைய ஆறு வாரங்கள் உழைத்து அவரே அதனைச் சீர்ப்படுத்தினார்.

கிராமங்களை வயல் வயலாக அளக்கும் ரெவினியு சர்வே சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அக்காலத்துச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்குகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். இவ்வளவைகளைக் கொண்டு எழுதப்பட்டதே ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் உரிய புலப்படம். 1923-ஆம் வருஷத்திய சர்வே, எல்லைகள் சட்டம் இன்றும் நமது இராஜ்யத்தில் அமலிலுள்ளது. எனவே, சட்டப்படி எல்லையைத் தீர்மானிப்பவை சர்வே கல்லும் புலப்படமுமே அன்றி, ஆகாயத்திலிருந்து எடுத்த படமன்று. இவ்வேற்றுமையை யாவரும் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆகாயத்திலிருந்து பயிரைப் பார்க்கும் முறை நமது நாட்டில் விவசாயத்திற்காகவே முதன்முதலில் சோதிக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் பேராசிரியர் பிஷாரடி என்பாரும் அவரைச் சேர்ந்தோரும் கேரளத்துத் தென்னந்தோப்புகளின்மீது ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புக் கதிரைப் பதியும் பிலிமில் படமெடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களை அடையாளங் கண்டனர். 1988-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்னும் நமது முதல் தொலையுணர்வுக் கோள் செலுத்தப்பட்டது.

படங்களைக் கணிப்பொறியில் அடுக்கடுக்காக வைத்து ஆராயும் முறையும் நிலத்தைப் பற்றிய கவலையிலிருந்தே தோன்றிற்று. கானடா தேசத்தில் எந்நிலம் பயிருக்கு ஏற்றது, எந்நிலம் காட்டுக்கு ஏற்றது என நிர்ணயிக்கும் பொருட்டு, ரோஜர் டாம்லின்ஸன் என்பவர் 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில் இம்முறையை அமைத்தார். மண் படத்தின்மேல் சரிவுப் படம், அதன்மேல் நீர்ப்படம், அதன்மேல் பயிர்ப்படம் என்று வைத்து நோக்குதல் இதன் சாரம்.

கண்ணுக்குத் தெரியும் அளவு எவ்வளவு?

செயற்கைக் கோளின் படம் சிறு சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்திற்குள் அடங்கும் நிலம் முழுவதும் ஒரே நிறமாகவே பதியும். ஆகவே கட்டத்தின் அளவை அறிந்தால் படத்தின் திறமையையும் அறியலாம். ஐ.ஆர்.எஸ். 1-ஏ கோளின் ஒரு கருவியில் கட்டத்தின் பக்கம் 72.5 மீட்டர், ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர் அடங்கிற்று. அமெரிக்க நாட்டின் லாண்ட்ஸாட் கோள்களின் படங்களில் பக்கம் 30 மீட்டர். ஒரு கட்டத்தில் சுமார் 22 சென்ட். 2015-ஆம் ஆண்டு முதல் செலுத்தப்பட்டுவரும் ஐரோப்பிய ஸென்டினெல்-2 கோள்களின் படங்களில் பக்கம் 10 மீட்டர். ஒரு கட்டம் ஏறக்குறைய இரண்டரை சென்ட். அதாவது ஒரு ஏக்கர் நிலத்தில் இத்தகைய கட்டங்கள் நாற்பது அமையும்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. நமது வரத்துக் கால்வாய்களில் பல பத்தடி அகலத்திற்கு மேற்பட்டவை அல்ல. பத்தடி என்பது மூன்று மீட்டர். பத்து மீட்டர் கட்டத்தில் மூன்று மீட்டர் ஓடை தனித்துத் தெரியாது. இருமருங்கிலுமுள்ள புஞ்செய் நிலத்தின் நிறத்தோடு கலந்துவிடும். ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரையப்பட்ட சர்வே படத்திலோ, ஒரு மில்லிமீட்டர் ஐம்பது மீட்டர் ஆகும். ஓர் ஏக்கர் சதுர வயல் அப்படத்தில் ஒரு நெல்மணியிலும் சிறிதாகவே தோன்றும். ஆகையால் கிராமப் படத்தையும் புலப்படத்தையும் பாராமல் இவ்விரண்டை மட்டும் நம்பி வரையப்படும் படத்தில், சிறு ஓடைகள் மறைந்து போதல் இயல்பே. இதில் வஞ்சகம் இருக்க வேண்டுமென்பதில்லை. கருவியின் எல்லையே போதும்.

பிழை நேரும் இடங்கள்

முதலாவது, பருவம். இலைப் பசுமை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும்; நீர் அதனை உட்கொண்டு இருளாகத் தோன்றும். இவ்விரு குணங்களைக் கொண்டே பயிரும் நீரும் பிரித்தறியப்படுகின்றன. ஆனால் வைகாசி மாதத்தில் வற்றிக் கிடக்கும் ஏரி படத்தில் தரிசாகத் தோன்றும். ஆடிப் பட்டத்து நிலக்கடலையைக் கார்த்திகையில் பிடுங்கிய பின், மாசி மாதத்தில் அந்த மானாவாரிப் புஞ்செயும் தரிசாகவே தோன்றும். ஒரே ஒரு மாதத்துப் படத்தைக் கொண்டு "இங்கே பயிரில்லை" என்று எழுதுவது, அறுவடைக்குப் பின் களத்துமேட்டைப் பார்த்து "இவ்வூரில் நெல் விளைவதில்லை" என்று சொல்வதை ஒக்கும். மழைக்காலத்துக்குப் பின் எடுத்த படமும் கோடைப் படமும் ஆகிய இரண்டும் ஒப்பிடப்பட வேண்டும்.

இரண்டாவது, சீமைக் கருவேல். ஏரியின் உட்பரப்பில் அடர்ந்து வளர்ந்துள்ள இம்முட்செடி, படத்தில் பசுமையான காடாகக் காணப்படும். ஏரி காடாக எழுதப்பட்டால், அதன் கொள்ளளவும் பாசனமும் அறிக்கையில் இடம் பெறா.

மூன்றாவது, உயரம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடத்திலிருந்து ராடார் கருவியால் உலகின் பெரும்பகுதியின் உயரம் அளக்கப்பட்டது. நீர் எத்திசையில் ஓடும் என்பதைக் கணிக்க இவ்வளவைகள் இன்றும் பயன்படுகின்றன. மலைச்சரிவுகளில் இவை நன்கு உதவும். ஆயினும் இவற்றில் சில மீட்டர் பிழை இருக்கக்கூடும். ஏரிக்கும் அதன் ஆயக்கட்டுக்குமுள்ள தாழ்வே சில அடிகள்தான் என்னும் சமவெளியில், இப்பிழை நீரைத் தவறான பக்கம் ஓடவிடும். அத்தகைய இடத்தில் மட்டம் பார்க்கும் கருவி கொண்டு நேரில் அளத்தலே தகும்.

நான்காவது, பழைய படமும் புதிய படமும் பொருந்தாமை. நமது பழைய சர்வே படங்கள் பூமியின் வடிவத்தைப் பற்றி எவரெஸ்ட் என்பவர் 1830-ஆம் ஆண்டில் கொண்ட கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. இக்காலத்து ஜி.பி.எஸ். கருவிகளோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு கணக்கைப் பின்பற்றுகின்றன. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், நமது பிரதேசத்தில் ஓர் இடம் நூறு மீட்டருக்கும் அதிகமாக விலகி நிற்கும். ஒருவருடைய கிணறு அயலாருடைய வயலில் தோன்றுவதற்கு இது போதும். சட்டைப் பைக்குள் வைக்கும் கைபேசியிலுள்ள ஜி.பி.எஸ். கருவியும் சில மீட்டர் தவறும். சென்டிமீட்டர் அளவில் திருத்தம் வேண்டுமானால் அதற்கென உள்ள நுட்பக் கருவியே உரியது.

செஞ்சிப் பிரதேசத்தில் கவனிக்க வேண்டியவை

பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து 1993-ஆம் ஆண்டில் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் வடமேற்கில் மேல்மலையனூர் வட்டமும் செஞ்சி வட்டமும் அமைந்துள்ளன. இங்கே பூமிக்கடியில் கருங்கல் பாறை. மேலுள்ள உதிர்ந்த பாகத்திலும் பாறையின் பிளவுகளிலும் மட்டுமே நீர் தங்கும். இப்பிளவுகள் செயற்கைக் கோள் படத்தில் சில சமயம் நீண்ட நேர்க்கோடுகளாகப் புலப்படுதலின், கிணறு வெட்டத்தக்க இடத்தைத் தேடுவதற்கு நிபுணர் அவற்றைத் துணையாகக் கொள்கின்றனர். எனினும் கோடு கண்ட இடமெல்லாம் ஊற்று உண்டென்பதில்லை. பூமியின் மின் தடையை அளந்து பார்த்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

அதே கருங்கல்லை வெட்டி எடுக்கும் சுரங்கம் ஏற்படும்போது, குழி எவ்வளவு ஆழம், அருகிலுள்ள கிணறுகள் எவ்வளவு ஆழம், இரண்டிற்கும் இடையே பிளவு செல்கின்றதா என்பனவே முக்கியமான வினாக்கள். கிணறுகளின் இருப்பிடம் படத்தில் குறிக்கப்படாவிடில் இவ்வினாக்களுக்கு விடை இல்லை. குடியிருப்புகளிலிருந்து 300 மீட்டர் தூரத்திற்குள் கல் வெட்டலாகாதென்பது நமது இராஜ்யத்தின் சிறு கனிம விதிகளில் உள்ளது. அத்தூரத்தை அளப்பதற்கு வீடுகள் சரியான இடத்தில் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

செஞ்சிக் கோட்டையைச் சுற்றி வேறொரு கட்டுப்பாடும் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம், சுரங்கம் ஆகியவற்றிற்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் 2010-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தில் கூறப்பட்டுள்ளன. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்கள் என்னும் பெயரால் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மகாராஷ்டிரத்திற்கு வெளியேயுள்ளது செஞ்சி ஒன்றே. இப்பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு தலத்திற்கும் எல்லை காட்டும் படம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். ஆகவே கோட்டையடியில் நிலமுடையோருக்கும் படத்தின் கோடு எங்கே செல்கின்றதென்பது தெரிந்திருத்தல் அவசியமாகின்றது.

மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் திரளான ஜனங்கள் வருவதை யாவரும் அறிவர். சாதாரண நாளில் சாலையில் வண்டிகளை எண்ணி ஒருவர் அறிக்கை எழுதினால், ஊஞ்சல் உற்சவத்து இரவின் நெருக்கம் அதில் வராது. மாசி மாதத்து மயானக் கொள்ளையன்று வண்டிகள் நிற்கும் தரைகளும் வெற்று நிலமாகவே படத்தில் தோன்றும். இவற்றை எடுத்துக் கூற வல்லவர் உள்ளூராரேயன்றி வேறொருவர் இல்லை.

படத்தினால் வரும் நன்மை

இத்தொழிலால் நமக்கு அச்சமே உண்டென்று கருதலாகாது. நமது இராஜ்யத்தில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. ஆக்கிரமிப்பை அகற்றும் பொருட்டு 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், ஏரியை அளந்து எல்லையை நிர்ணயிக்கும்படி கூறுகின்றது. எல்லை நிர்ணயமான பின், ஆண்டுதோறும் எடுக்கப்படும் செயற்கைக் கோள் படத்தை அதன்மேல் வைத்தால், நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கிற்று என்பது வெளிப்படும்.

நிலத்தடி நீரை மதிப்பிடுவதிலும் நமது இராஜ்யத்தில் பிர்க்கா வாரியாகக் கணக்கு எடுக்கப்படுகின்றது. வருஷந்தோறும் எடுக்கக்கூடிய நீரில் நூற்றுக்கு 70 பங்கு வரை எடுக்கும் இடம் பாதுகாப்பானது. 90 வரை ஓரளவு நெருக்கடியுள்ளது. 100 வரை நெருக்கடியுள்ளது. அதற்கு மேல் அளவுக்கு மீறியது என வகுக்கப்படுகின்றது. தத்தம் பிர்க்கா எவ்வகுப்பிலுள்ளதென்று ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் விசாரித்து அறிதல் நன்று.

வெள்ளக் காலத்திலும் இப்படங்கள் உதவும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலினால் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய நாட்களில் மேகம் மூடியிருப்பதால் சாதாரணப் படம் பயன்படாது. ராடார்க் கோள்களின் கதிர் மேகத்தை ஊடுருவிச் செல்லும். எவ்வயல்கள் நீரில் மூழ்கின என்பதைக் காட்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ராடார்ப் படங்களைக் கொண்டு நெற்பயிரின் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிட்டு, பயிர் இன்ஷூரன்ஸுக்கு உதவியுள்ளனர். ஆயினும் அடங்கலில் பயிர் சரியாக எழுதப்பட்டிருந்தாலன்றி, தனி ஒரு ரயத்துக்கு இதனால் முழுப் பயன் கிட்டாது.

நாம் செய்ய வேண்டுவன

1. புலப்படம், 'அ' பதிவேடு, சிட்டா ஆகியவற்றின் நகலைச் சர்க்காரின் இணையச் சேவை மூலம் பெற்று, தம் நிலத்தோடு ஒத்துப்பார்த்து வைத்துக்கொள்ளல் வேண்டும். சர்வே கல் பெயர்ந்திருந்தால் தாமதமின்றி மனுச் செய்ய வேண்டும்.

2. கிராம நிர்வாக அலுவலர்கள் ஒவ்வொரு பசலியிலும் நேரில் சென்று பார்த்தே அடங்கல் எழுத வேண்டும். கிணறு, ஓடை, கலிங்கல், மதகு ஆகியவற்றின் நிலையையும் குறித்தல் உத்தமம். பிற்காலத்து நிபுணருக்கு அடங்கலே சாட்சி.

3. பொதுமக்கள் கருத்துக் கேட்பு அவசியமான திட்டங்களுக்கு, கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வெளியிடப்பட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். சில வகைத் திட்டங்களுக்குக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆதலால் எவ்வகை என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

4. அறிக்கையிலுள்ள படத்தை விரித்து ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். எம்மாதத்தில் எடுத்த படம்? கட்டத்தின் அளவு யாது? எமது ஏரியும் வரத்துக் கால்வாயும் எங்கே? கிணறுகள் எத்தனை காட்டப்பட்டுள்ளன? கிராமப் படத்தோடு ஒத்துப் பார்க்கப்பட்டதா?

5. விடுபட்டதைக் கூட்டத்தில் வாயால் சொல்வதோடு நில்லாமல், சர்வே நம்பரைக் குறித்து, புலப்பட நகலையும் மழைக்காலத்துப் புகைப்படத்தையும் சேர்த்து எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். "எங்கள் ஊருக்குக் கெடுதல்" என்னும் பொதுவான மொழியினும், "இன்ன நம்பரிலுள்ள ஓடை படத்தில் இல்லை" என்னும் ஒரு வரி வலிமையுடையது.

நமது பிள்ளைகளுக்கு ஒரு தொழில்

இவ்வேலைக்கு ஆட்கள் நகரத்திலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. சர்வேயர் பயிற்சியும், அண்ணா பல்கலைக்கழகத்தில் புவித் தகவலியற் பட்டமும் இதற்கு வழிகள். கியூஜிஐஎஸ் என்னும் கணிப்பொறி நிரலும், நமது விண்வெளி இலாகாவின் புவன் என்னும் படத் தளமும் பொருட் செலவின்றிப் பழகக் கிடைக்கின்றன. எந்த ஏரி நிரம்பினால் எந்த ஏரிக்குக் கலிங்கல் பாயும் என்பதைச் சிறு வயதிலேயே அறிந்த ஒருவர் இத்தொழிலில் அமர்வாராயின், வற்றிய ஏரியைத் தரிசென்று அவர் எழுதமாட்டார்.

மார்கழி, தை மாதங்களில் ஏரிகளில் நீர் நிற்கும். ஓடைகளின் தடமும் தெளிவாகத் தெரியும். அக்காலத்தில் ஒவ்வொரு கிராமத்தாரும் தம் கிராமப் படத்தைக் கையிற் கொண்டு, ஏரியின் வரத்துக் கால்வாயை மேல் முனை வரை ஒருமுறை நடந்து பார்த்து, உள்ளதையும் மறைந்ததையும் குறித்து வைப்பாராக. ஒரு நாளைய இவ்வுழைப்பு, பின்னர் வரக்கூடிய பல வருஷத்து வழக்கைத் தவிர்க்க வல்லது.